ரிமூவர் கேட்டால் நகத்தைக் கேளுங்கள்

மளிகைக் கடையில் நெயில் பாலிஷ் எதற்கு என்று கேட்ட காலம் மலையேறிவிட்டது. பருப்பு, மிளகாய், புளி வாங்கக் காந்தி மார்க்கெட்டுக்கு வரும் லால்குடி, மண்ணச்சநல்லூர், துறையூர் பக்கத்துச் சில்லறை வியாபாரிகள், மூட்டைகளை வண்டியில் ஏற்றியதும் பெரியகடை வீதிப் பக்கம் ஒரு நடை போகிறார்கள். சீப்பு, ஸ்டிக்கர் பொட்டு, ஹேர் பின், நெயில் பாலிஷ் என்று ஒரு அட்டைப் பெட்டி கட்டிக்கொண்டுதான் ஊர் திரும்புகிறார்கள். அந்தப் பெட்டியில் ஒரு டஜன் ரிமூவர் பாட்டிலும் இருக்கும். விலை சொற்பம், லாபமும் சொற்பம். ஆகவே யாரும் அதைக் கையில் எடுத்து லேபிளைப் படிப்பதில்லை. படிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

நம் நாட்டில் நெயில் பாலிஷ் ஒன்றும் நேற்று வந்த சரக்கல்ல. டாடா குழுமம் லக்மே கம்பெனியைத் தொடங்கியது 1952இல். அப்போதிலிருந்து சமீப காலம் வரை பாலிஷ் பூசியது சொந்த நகத்தின் மீதுதான். எந்த ரிமூவரை எடுத்துத் துடைத்தாலும் பாலிஷ் போகும், நகம் இருக்கும். மருதாணி வைத்தவர்களுக்கோ அந்தக் கவலையும் இல்லை. நகம் வளர வளர வெட்டித் தள்ளிவிட்டால் தீர்ந்தது.

இப்போது நிலைமை வேறு. ஸ்ரீரங்கத்திலும் தில்லைநகரிலும் முகூர்த்த நாள் வந்தால் பார்லர்களில் மணப்பெண்ணுக்கு நகமே கட்டிவிடுகிறார்கள். ஒரு பொடியையும் ஒரு திரவத்தையும் தூரிகையில் தோய்த்து விரல் நுனியில் வைத்தால் சில நிமிடங்களில் கல்லாக இறுகிவிடும். இதற்குப் பெயர் அக்ரிலிக் நகம். நம் வீட்டுப் பெரியவர்கள் கட்டியிருக்கும் பல் செட்டின் ஈறு நிறப் பகுதி எந்த இனமோ, இதுவும் ஏறக்குறைய அதே இனம். கல்யாணம் முடிந்து பெண் மறுவீடு போன பிறகும் அந்த நகம் மூன்று நான்கு வாரம் விரலில் இருக்கும். இடையில் சிவப்புக்கு மாற்றாக வேறு நிறம் பூச ஆசை வரும். ஒவ்வொரு முறையும் பார்லருக்குப் போகக் கட்டுப்படியாகாது. அப்போதுதான் தெருமுனையில் இருக்கும் நம் உறுப்பினர் கடைக்கு வந்து, “அண்ணாச்சி, ஒரு ரிமூவர் கொடுங்க” என்று கேட்கிறாள்.

சாதாரண ரிமூவரில் முக்கியச் சரக்கு அசிட்டோன். அது பாலிஷை மட்டுமல்ல, அக்ரிலிக்கையும் இளக்கும். கட்டிய நகத்தை முழுதாகக் கழற்றுவதற்குப் பார்லர்காரர்கள் பயன்படுத்துவதே அசிட்டோனைத்தான். நிறத்தை மட்டும் எடுக்க வந்தவளிடம் அதைக் கொடுத்தால் என்ன ஆகும்? நம்மிடம் நெடுங்காலமாகச் சரக்கு எடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவர் கடையில் ஒரு தை மாதம் அதுதான் நடந்தது. வரவேற்புக்குப் பூசிய நிறம் முகூர்த்தப் புடவைக்குப் பொருந்தவில்லை என்று பெண் வீட்டார் இரவோடு இரவாக ரிமூவர் வாங்கிப் போனார்கள். பஞ்சை நனைத்து ஊற வைத்துத் தேய்த்ததில் நகத்தின் மேல்பகுதி பிசினாகி, பஞ்சு நார் ஒட்டிக்கொண்டு, பத்து விரலும் வெளுத்துப்போய்விட்டன. விடிந்தால் தாலி கட்டு. பெண்ணின் தாயார் கடை வாசலில் நின்று கேட்ட கேள்விகளுக்கு அந்த நண்பரிடம் பதில் இல்லை. முப்பது ரூபாய் பாட்டிலுக்காக, மாதம் நாலாயிரத்துக்கு மளிகை வாங்கும் குடும்பம் அடுத்த கடைக்குப் போய்விட்டது.

எனவே ரிமூவர் கேட்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “சொந்த நகமா, கட்டிய நகமா?” சொந்த நகம் என்றால் எதுவும் சரி. கட்டிய நகம் என்றால், லேபிளில் ‘அசிட்டோன் ஃப்ரீ’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட பாட்டிலைக் கொடுக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலும் எத்தில் அசிடேட் என்ற திரவம் இருக்கும். பாலிஷைக் கரைக்கும், அக்ரிலிக்கை அசிட்டோன் அளவுக்குச் சட்டென்று தாக்காது. கடையில் அட்டையில் மாட்டி விற்கும் ஒட்டு நகம் மூன்றாவது ரகம். அது வெறும் பிளாஸ்டிக். அசிட்டோன் பட்டால் கூழாகிவிடும்.

கொடுக்கும்போது முறையையும் இரண்டு வார்த்தையில் சொல்லி அனுப்பலாம். நம் வீட்டுப் பெண்களிடமும், பார்லர் நடத்தும் ஒரு அம்மாளிடமும் விசாரித்து இதை எழுதுகிறோம். பஞ்சை நனைத்து நகத்தின் மேல் சில விநாடிகள் மட்டும் வைத்து, அடியிலிருந்து நுனி நோக்கி ஒரே வாக்கில் துடைக்க வேண்டும். ஊற விடக் கூடாது. அசிட்டோன் இல்லாததும் நேரம் கொடுத்தால் அக்ரிலிக்கின் பளபளப்பைக் கெடுக்கத்தான் செய்யும். ஒரு விரலுக்கு ஒரு பஞ்சு. சிக்கனம் பார்த்து ஒரே பஞ்சால் பத்து விரலையும் துடைத்தால் முதல் விரலின் சிவப்பு கடைசி விரலில் ஏறும். துடைத்த பின் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துவட்டி, காய்ந்த பிறகே புதுப் பாலிஷ். முதலில் நிறமில்லாத பேஸ் கோட் ஒன்று பூசினால், கருஞ்சிவப்பு, நீலம் போன்ற அழுத்தமான நிறங்கள் நகத்தில் கறையாக இறங்குவது குறையும். எல்லாம் முடிந்த பின் நகத்தைச் சுற்றியுள்ள தோலில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். இந்தத் திரவங்கள் தோலின் எண்ணெய்ப் பசையை இழுத்துவிடும். எண்ணெயைப் பாலிஷுக்கு முன் தடவிவிட்டால் பாலிஷ் பிடிக்காது.

இன்னொரு புகாரும் நம் காதுக்கு வருகிறது. “பாலிஷ் நன்றாகத்தான் இருக்கிறது, நகம் மஞ்சளாகிவிட்டது” என்பார்கள். குற்றவாளி வேறு யாருமல்ல, நம் கடை மஞ்சள்தூள்தான்! நலங்குக்கு வைத்த மஞ்சளும் குழம்பில் போட்ட மஞ்சளும் அக்ரிலிக்கில் பிடித்துக்கொள்ளும். மேலே டாப் கோட் பூசியிருந்தால் கறை அதில்தான் நிற்கும். ரிமூவரால் டாப் கோட்டைத் துடைக்கும்போது கறையும் சேர்ந்து போகும். டாப் கோட் இல்லாமல் நகத்திலேயே இறங்கிவிட்டால், சில நாள் வெயில் பட்டாலே மஞ்சள் பெரும்பாலும் வெளுக்கும். வேட்டியில் பட்ட மஞ்சள் கறை வெயிலில் காய்ந்து மங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் கட்டிய நகத்துக்கும் சொந்த நகத்துக்கும் நடுவே பச்சையாகத் தெரிந்தால் அது சாயமல்ல. இடைவெளியில் ஈரம் தங்கிக் கிருமி வளர்ந்ததன் அடையாளம். அதன் மேல் பாலிஷ் பூசி மறைக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

ஜெல் பாலிஷ் என்று ஒன்று வந்திருக்கிறது. புற ஊதா விளக்கின் கீழ் கையை வைத்து இறுக வைக்கிறார்கள். அதற்கு எந்த அசிட்டோன் இல்லாத ரிமூவரும் பயன்படாது. அசிட்டோனில் ஊற வைத்தால் கீழே இருக்கும் அக்ரிலிக்கும் சேர்ந்து இளகும். மெல்லிய அரம் கொண்டு மேல் பூச்சை மட்டும் பொறுமையாக ராவி எடுப்பதுதான் வழி. கை பழகாதவர்கள் பார்லருக்கே போகட்டும். நகத்தையே முழுதாகக் கழற்ற வேண்டும் என்று கேட்பவருக்கு மட்டும் அசிட்டோன் பாட்டிலைக் கொடுக்கலாம். அவர்கள் அரை மணி நேரம் வரை ஊற வைக்க வேண்டியிருக்கும். அவசரப்பட்டுக் கத்தி முனையால் நெம்பினால் கீழே இருக்கும் சொந்த நகத்தின் மேல்தோலும் உரிந்து வரும்.

இனி நம் தரப்புக்கு வருவோம். உறுப்பினர்கள் சிலரிடம் சிலர், “ஹார்டுவேர் கடையில் அசிட்டோன் கேனில் கிடைக்கிறது, வாங்கிச் சின்னப் பாட்டிலில் அடைத்து விற்றால் இரட்டிப்பு லாபம்” என்று ஆசை காட்டுவதாகக் கேள்விப்படுகிறோம். தின்னரே போதும் என்று சொல்பவர்களும் உண்டு. தின்னர் பெயிண்டுக்கு உரியது. அதில் தொலுவீன் போன்றவை கலந்திருக்கும், கைவிரலுக்கு உரியதல்ல. அசிட்டோனையே நிரப்பினாலும், மொத்த விற்பனைக்காகப் பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்டுவது 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி ‘தயாரிப்பு’ ஆகும். அதற்கு உரிமம் வேண்டும். விற்பதற்கு மட்டும் தனி உரிமம் தேவையில்லை. ஆனால் விற்கும் சரக்கு உரிமம் பெற்றவர் தயாரித்ததாக இருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும், உள்ளே என்னென்ன இருக்கிறது என்பதெல்லாம் லேபிளில் இருந்தாக வேண்டும்.

பெயரில்லாத பாட்டிலை ஏன் தொடக் கூடாது என்பதற்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னொரு காரணம். தயாரித்தவர் யார் என்று தெரியாத சரக்கால் தீங்கு நேர்ந்தால், விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன எச்சரிக்கையை வாங்குபவருக்கு எடுத்துச் சொல்லாத விற்பனையாளரையும் அந்தச் சட்டம் விடுவதில்லை. ஆக, நாம் மேலே சொன்ன ஒரு கேள்வி வெறும் மரியாதைக்கு அல்ல. பில்லோடு வாங்குங்கள். பில் தர மறுக்கும் இடத்தில் சலுகை எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம்.

சில வியாபாரிகள் தெர்மோகோல் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, கரைந்தால் அசிட்டோன், கரையாவிட்டால் நல்லது என்று தீர்மானிக்கிறார்கள். எத்தில் அசிடேட்டும் தெர்மோகோலைக் கரைக்கும். சோதனை நம்மை ஏமாற்றும். லேபிள்தான் சாட்சி.

பெயர் ஒரே மாதிரி இருப்பதாலும் ஆபத்து வரும். அமெரிக்காவில் 1980களில் ஒட்டு நகத்தைக் கழற்ற அசிட்டோநைட்ரைல் என்ற திரவம் விற்றார்கள். 16 மாதக் குழந்தை ஒன்று அதை விழுங்கியது. அசிட்டோன் என்று எண்ணி, பெரிய ஆபத்தில்லை என்று விட்டுவிட்டார்கள். அந்தத் திரவம் உடம்புக்குள் போய்ச் சில மணி நேரம் கழித்துச் சயனைடாக மாறும். குழந்தை பிழைக்கவில்லை. குழந்தைகளால் திறக்க முடியாத மூடி அங்கே கட்டாயமானது அதன் பிறகுதான். உள்ளடக்கத்தில் அந்தப் பெயரைக் கண்டால் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். எந்த ரிமூவரானாலும் மிட்டாய் ஜாடி பக்கத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம்.

கடைக்குள் எங்கே வைப்பது என்பது மளிகைக்காரர்களுக்குத்தான் பெரிய பிரச்சினை. அசிட்டோன் ஆவி தீப்பற்றுவதற்கு வெயில்கூட வேண்டியதில்லை. பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 20 டிகிரி குளிரிலும் பற்றும். அசிட்டோன் இல்லாதது பற்றாது என்று எண்ணிவிடாதீர்கள், எத்தில் அசிடேட்டும் பூஜ்யத்துக்குக் கீழேயே பற்றும். இவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து போகும். ஒரு பாட்டில் அலமாரியில் சாய்ந்து ஒழுகினால், கல்லாவுக்குக் கீழே ஏற்றி வைத்த சாமி விளக்கு வரை அது நடந்து வரும். கற்பூரம், தீப்பெட்டி, பத்தி அடுக்கிய தட்டிலேயே ரிமூவரையும் அடுக்கியிருக்கும் கடைகளை நாம் பார்த்திருக்கிறோம். தயவுசெய்து பிரித்து வையுங்கள். ஒரு மணல் வாளியும் உலர் பொடி வகைத் தீயணைப்பானும் கடையில் இருக்கட்டும். டீத்தூள், ரவை, பிஸ்கட் பக்கத்திலும் வேண்டாம். வாசனை ஏறிய டீத்தூளை யாரும் வாங்க மாட்டார்கள்.

அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கும். அக்னி நட்சத்திரத்தில் நம் திருச்சித் தகரக் கூரைக்கு அடியில் பரண் எவ்வளவு சுடும் என்பது ஏறி இறங்கும் பையனுக்குத் தெரியும். பாட்டில் உப்பும், மூடி கசியும், பாதி ஆவியாகிவிடும். கீழ்த்தட்டில் காற்றோட்டமான இடமே சரி. கொள்முதலும் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கட்டும். 100 மி.லி. பாட்டிலைவிட 30 மி.லி. வேகமாக நகரும், திறந்த பாட்டில் வீட்டில் நெடுநாள் கிடப்பதும் இல்லை.

வெளியூர் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. தீப்பற்றும் சரக்கை ரயில் பெட்டியில் எடுத்துப் போவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனை மூன்றாண்டு வரை போகும். லால்குடிக்கும் மணப்பாறைக்கும் பாசஞ்சரில் போகிறவர்கள் பெட்டிக்குள் பொட்டு, சீப்போடு ரிமூவரையும் சேர்த்துக் கட்டிவிட வேண்டாம். மற்ற சரக்கைக் கையோடு எடுத்துக்கொண்டு, ரிமூவர் டஜனை மட்டும், அதில் இருப்பது இன்னதென்று சொல்லி, மூட்டை வரும் சரக்கு வண்டியிலேயே போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.