ஓடைக்கரை வெண்பூச் செடியை அடையாளம் காணுதல்

நீலகிரியில் ஓடையோரங்களிலும் ஈரச் சரிவுகளிலும் வெண்பூக் கொத்துகளோடு அடர்ந்து நிற்கும் செடி ஒன்று உண்டு. தாவர சாஸ்திரிகள் முன்பு யூபடோரியம் என்றும், பின்னர் அஜெரட்டினா அடினோபோரா என்றும் பெயரிட்டது இதற்கே. இதன் பூர்வீகம் மெக்ஸிகோ தேசம். குதிரை வைத்திருக்கும் அங்கத்தினர் இதை ஐயமற அறிந்திருத்தல் அவசியம்.

செடி 3 முதல் 6 அடி வரை வளரும். இளந்தண்டு செவ்வூதா நிறமுடையது, தொட்டால் பிசுபிசுக்கும். இலைகள் எதிரெதிராக, ஏறக்குறைய முக்கோண வடிவில், விளிம்பிலே பற்களுடன் இருக்கும். பூவென்று தோன்றுவது நுண்ணிய குழற்பூக்கள் பல திரண்ட தலையேயாம். இதன் இனத்தைச் சேர்ந்த வேறொரு வெண்பூச் செடியும் நீரோரத்தில் வளர்வதால் மயக்கம் நேரலாம். அது குட்டையானது, இலையும் ஈட்டிமுனைபோல் ஒடுங்கியது.

மாடுகள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. அந்த விவேகம் குதிரைக்கு இல்லை. தொடர்ந்து தின்றால் நுரையீரல் கெட்டு, இருமலும் மூச்சுத் திணறலும் உண்டாகும். கெட்டதைச் சீராக்கும் மருந்து கிடையாது. பூக்கும் பருவத்தில் தீங்கு அதிகம்.

தண்டில் புடைப்பு உண்டாக்கும் ஈ ஒன்று 1963-இல் இந்தியாவில் விடப்பட்டும் செடி ஒழியவில்லை. விதை காற்றிலும் நீரிலும் செல்லும். மண்ணில் படிந்த தண்டும் வேர்விடும். ஆகையால் பூக்குமுன் வேரோடு பிடுங்குதல் வேண்டும். பிடுங்கியதை ஓடையில் எறிதல் கூடாது.