சவர்நீரும் நன்னீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாது ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் பெரிதும் பெய்யும் மழையும், அம்மழை சுண்ணக்கற் பாறையினூடாகக் கீழிறங்கித் தங்கிய கிணற்று நீருமே நமது செல்வம். அச்செல்வத்தின் ஒரு பகுதி சவராய் மாறி வருதலின், அதன் காரணத்தையும் அதனைத் திருத்தும் வழிகளையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

உவர்த்தல் என்னுஞ் சொல் தமிழிலே உப்புக் கரித்தலையுங் குறிக்கும், வெறுத்தலையுங் குறிக்கும். நாவுக்கு ஒவ்வாதது நெஞ்சுக்கும் ஒவ்வாது போலும். கடல்நீரில் ஓரிலீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புண்டு. குடிநீரில் ஒரு கிராமுக்கு மேற்படின் நா அதனை விரும்பாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே சவர்நீர்.

இவ்வுண்மையைக் கண்ணாரக் காண விரும்புவோர் புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றைப் பார்த்தல் வேண்டும். இராமபிரான் அம்பூன்றித் தோற்றுவித்தது என்பது ஊரார் வழக்கு. சுண்ணக்கற் குகையொன்றின் கூரை இடிந்து வீழ்ந்தமையால் உண்டாயது என்பர் நிலவியலார். அதன் மேனீர் நன்னீர். ஆழஞ் செல்லச் செல்லச் சவர். அடியில் உள்ளது உப்புநீர். 1859ஆம் ஆண்டில் வெளிவந்த தமது இலங்கை நூலில் எமர்சன் தெனற் என்பார் இக்கிணற்றைப் பற்றி எழுதியுள்ளார்.

ஒரு கிணற்றில் இருவகை நீர் எங்ஙனம் நிற்கும்? கடல்நீர் நன்னீரினும் சிறிது பாரமானது. ஆதலின் பாறையினுட் புகுந்த கடல்நீரின் மேல் மழைநீர் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நிற்பின், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு அது பரந்திருக்கும் என்பது பாடன் கைபன், ஏர்ஸ்பேக் என்னும் அறிஞர் இருவர் தனித்தனியே கண்ட கணக்கு. இதன் மறுபுறமே அச்சந்தருவது. மிகையாக இறைத்து நீர்மட்டத்தை ஓரடி தாழ்த்திவிடின், நாளடைவில் உப்புநீர் நாற்பதடி மேலெழக்கூடும். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில், மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இயந்திரத்துக்கோ களைப்பில்லை.

இனி, திருத்தும் வழிகள். தேற்றாங்கொட்டை கலங்கலைத் தெளிவிக்கும். மணலும் கரியும் அழுக்கையும் நாற்றத்தையும் போக்கும். இவை எவையும் கரைந்த உப்பை நீக்கா. காய்ச்சுதல் கிருமியைக் கொல்லுமேயன்றி, நீர் வற்ற வற்ற உப்பை மிகுவிக்கும். காய்ச்சிய நீரின் ஆவியைப் பிடித்துக் குளிரச் செய்யின் அது நன்னீராம், இதுவே வடித்தல். கண்ணாடி மூடிய தொட்டியில் வெயிலாலும் வடிக்கலாம். ஆயின் ஒரு சதுர மீற்றர்ப் பரப்பில் ஒரு நாளிற் கிடைப்பது சில இலீற்றரே.

இக்காலத்திற் பெருவழக்காயுள்ளது எதிர்ச்சவ்வூடு பரவல். நீரை மட்டும் போகவிட்டு உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வினூடாக நீரை வல்லழுத்தத்தால் தள்ளுவதே இம்முறை. சவர்நீரை இவ்வழியால் நன்னீராக்கும் நிலையம் 1965ஆம் ஆண்டு கலிபோர்ணியாவிலுள்ள கோலிங்கா என்னும் ஊரில் இயங்கத் தொடங்கியது. சென்னையை அடுத்த மீஞ்சூரில் 2010ஆம் ஆண்டு, நாளொன்றுக்குப் பத்துக்கோடி இலீற்றர் தரும் கடல்நீர் நிலையம் திறக்கப்பட்டது. நமது குடாநாட்டிலும் தாளையடியில் 2024ஆம் ஆண்டு, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரத்தக்க நிலையம் திறக்கப்பட்டது. உப்பு மிக மிக அழுத்தமும் மிகவேண்டும். ஆதலின் செலவும் மிகும். சவர்நீரைத் திருத்தல் கடல்நீரைத் திருத்தலினும் எளிது. எனினும் ஒன்றை மறத்தலாகாது. பிரித்தெடுத்த உப்பு கழிநீரோடு வெளிவரும். அதனை வீட்டு வளவில் ஊற்றின், சுண்ணக்கல் அதனை மீண்டும் நம் கிணற்றுக்கே கொண்டுசேர்க்கும்.

ஆகவே, சவரை நீக்குதலினும் சவர் ஏறாது காத்தலே சிறந்தது. தொண்டைமானாற்றில் தடுப்பணை கட்டியதும், ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி வடமராட்சிக்கும் உப்பாற்றுக்கும் கொணரப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950ஆம் ஆண்டுகளில் திட்டம் வகுத்ததும் இக்கருத்துப்பற்றியே. அத்திட்டம் முற்றுப்பெறாதது நமக்கு நேர்ந்த பெருங்குறை. குளங்களைத் தூர்வாருதல், கூரைநீரைத் தொட்டியிற் சேர்த்தல், மாரிநீரைக் கடலுக்கு விடாது நிலத்துள் இறக்குதல், பயிருக்கு வேண்டிய அளவே இறைத்தல் ஆகியன ஒவ்வொரு வீட்டாரும் செய்யத்தக்கன.

நமது கல்லூரியின் பழைய மாணவருட் பொறியியலாளரும் கமக்காரரும் பலர் உளர். முன்னோர் கல்லைப் பிளந்து தோண்டிய கிணறுகளை நன்னீரோடு நம் பிள்ளைகளிடம் ஒப்படைத்தல் நம் கடனாகும்.