கல்லில் உரித்த நார்



"அவன் கல்லிலே நார் உரிப்பவன்" என்று கைதேர்ந்த கருமியைப் பற்றிச் சொல்வோம். நடக்காத காரியத்துக்கு நம் முன்னோர் காட்டிய உவமை அது. ஆனால், மெய்யாகவே நார் உரிக்கக்கூடிய கல் ஒன்று பூமியில் உண்டு. அதுதான் கல்நார். கடைக்காரர் அஸ்பெஸ்டாஸ் என்பார்.

கல்நார் தீயில் வேகாது, மழையில் இற்றுப் போகாது, விலையும் மலிவு. ஆகவே அதைச் சிமெண்டில் கலந்து, நெளிநெளியான கூரைத் தகடும், வீட்டு உட்கூரைப் பலகையும், தண்ணீர்க் குழாயும் செய்தார்கள். அத்தாப்புக் கூரை மறைந்த பிறகு, லயத்து வீடுகள் பலவற்றிலும் பட்டணத்துப் பழைய வீடுகளிலும் அது தலைக்கு மேல் ஏறிக்கொண்டது.

"இத்தனை வருஷமாக அதன் கீழேதானே குடியிருக்கிறோம், என்ன ஆகிவிட்டது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தகடு முழுதாக இருக்கும் வரையில் நார் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. அதை அறுத்தாலும், துளைத்தாலும், உடைத்தாலும், சுரண்டினாலும் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லிய இழைகள், கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்காகக் காற்றில் மிதக்கும். மூச்சோடு உள்ளே போனவை நுரையீரலில் தங்கிவிடும்.

அன்றைக்கு இருமல்கூட வராது. 20, 30, 40 ஆண்டுகள் கழித்துத்தான் நோய் தலைகாட்டும். நுரையீரல் தழும்பேறி மூச்சுத் திணறலாம். நுரையீரலிலோ அதைச் சுற்றியுள்ள சவ்விலோ புற்று வைக்கலாம். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்திருக்கிறது. சிகரெட் பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுக்கான அபாயம் பல மடங்காகும்.

தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1965-இல் லண்டனில் வெளியான மருத்துவ ஆய்வு ஒன்று, தொழிற்சாலைப் பக்கமே போகாத சில பெண்களுக்கும் இந்நோய் வந்திருந்ததைக் காட்டியது. கல்நார் வேலை செய்த கணவரின் துணிகளை அவர்கள் வீட்டில் துவைத்து வந்தவர்கள். தூசி சட்டையில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது!

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, நன்றாக இருக்கும் தகட்டைத் தொடாதீர்கள். பயந்துபோய்ப் பிடுங்குவதுதான் பெரிய ஆபத்து. பழைய தகட்டில் கல்நார் உண்டா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடச் சோதனையில்தான் தெரியும். அதுவரை உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்கையில் பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள்; வேகமாகப் பீய்ச்சும் தண்ணீர்க் குழாயும் வேண்டாம். விளக்கு மாட்டுவதற்காக உட்கூரையில் துளை போடாதீர்கள். கூரைமேல் ஏறவும் கூடாது. பழைய தகடு திடீரென உடையும். விழுந்து உயிர் விட்டவர்கள் உண்டு.

மூன்றாவது, புயலில் தகடு உடைந்தால் பிள்ளைகளை அப்பால் அனுப்புங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள். சோப்புத் தண்ணீரை மெதுவாகத் தெளித்து நனைத்து, மேலும் உடைக்காமல் எடுத்து, தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். தரையை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் அதனுடன் சேர்த்துக் கட்டுங்கள். அதை வீட்டுக் குப்பையில் போடாமல், எங்கே ஒப்படைப்பது என்று நகராண்மைக் கழகத்தில் கேளுங்கள். முகத்தில் கட்டும் கைக்குட்டை இந்த இழைகளைத் தடுக்காது. ஆகவே, முழுக் கூரையையும் பிரிக்கும் வேலை பயிற்சி பெற்றவர்களுக்கே உரியது.

நான்காவது, கழற்றிய பழைய தகட்டை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கோழிக்கூடு கட்டவும் குளியலறை மறைக்கவும் அதை அறுப்பவர் வீட்டார் அனைவருக்கும் தூசியைப் பங்கு வைக்கிறார்.

வீடு தோட்டத்துக்குச் சொந்தமானால், பழுது பார்ப்பது உங்கள் தலையில் விழுந்த வேலை அல்ல. மலேசியாவில் 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், குடியிருப்பைப் பழுதின்றி வைத்திருக்கும் பொறுப்பை முதலாளிக்குக் கொடுத்திருக்கிறது. வாயால் சொன்னது மறந்துபோகும். எனவே எந்த வீடு, எந்தத் தகடு, என்றைக்கு உடைந்தது என்று எழுதி ஆபீசில் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். எழுதத் தயங்குபவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் உங்கள் பிள்ளையே எழுதித் தருவானே!

சிங்கப்பூரில் 1989 முதல் கட்டடங்களில் கல்நார் பயன்படுத்தத் தடை உண்டு. ஆனாலும் அங்கேயும் அதற்கு முன் கட்டிய வீடுகள் இருக்கின்றன. எந்த ஊராயினும் விதி ஒன்றுதான்: உடைக்காதே, அறுக்காதே, தூசி கிளப்பாதே.

இன்று நாம் காட்டும் பொறுமையின் பலன், நம் பிள்ளைகள் நாற்பது, ஐம்பது வயதில் விடும் நல்ல மூச்சில் தெரியும்.