மலை ஓட்டத்தில் 21 பேர் விறைத்துச் சாவு! 6 பேரைக் காத்த ஆட்டிடையர்

சீனாவில் மஞ்சள் ஆறு வளைந்தோடும் அழகான பள்ளத்தாக்கு. கரையில் லோங்வான் என்ற பழைய கிராமம். ஆட்டுத்தோல் தெப்பத்தில் ஆற்றைக் கடக்கிற ஊர்.

அங்கே 2021 மே 22-ந் தேதி 100 கிலோ மீட்டர் மலை ஓட்டப் பந்தயம். 172 பேர் ஓடினார்கள். பலர் உடம்பில் அரை டவுசரும் பனியனும்தான்! மேல்சட்டையை மூட்டை கட்டி, பாதி வழி தாண்டி உள்ள முகாமுக்கு முன்னதாகவே அனுப்பிவிட்டார்கள்.

மலை மேல் ஏறியதும் திடீர்னு சூறைக்காற்று, ஆலங்கட்டி மழை! உடம்பு வெடவெடவென நடுங்கியது. 21 பேர் குளிரில் விறைத்துச் செத்தார்கள்.

ஆடு மேய்க்க வந்த ஒருவர் குகையில் தீ மூட்டி 6 பேரைக் காப்பாற்றினார்.

மேல்சட்டை கட்டாயம் என்று பந்தய விதியில் இல்லை. அதுதான் வினை! அடுத்த மாதமே இத்தகைய ஓட்டங்களை சீன அரசு நிறுத்தி வைத்தது.