அமெரிக்கா மீது கேஸ் போட்டு ஜெயித்த குட்டித் தீவு: தீர்ப்பு வந்தது, பணம் வந்ததா?

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதத்தைத் தொட்டபோது, திருப்பூர் தொடங்கி டீக்கடை வரை ஒரு கேள்வி ஓடியது. ‘இதுக்குன்னு ஒரு சர்வதேச அமைப்பு இருக்கே, அங்க போய் கேஸ் போட வேண்டியதுதானே?’

போடலாம். உலக வர்த்தக அமைப்பு, அதாவது டபிள்யூ.டி.ஓ., ஜெனீவாவில் இருக்கிறது. உறுப்பு நாடு எதுவாக இருந்தாலும் அங்கே போய் இன்னொரு நாட்டின் மீது புகார் கொடுக்கலாம். அமெரிக்கா மீது போட்ட கேஸில் ஜெயிக்கவும் முடியும். ஜெயித்த பிறகு என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு குட்டி நாட்டின் கதையைப் பார்க்க வேண்டும்.

அந்த நாடு ஆன்டிகுவா அண்ட் பார்புடா. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குப் பழகிய பெயர். விவ் ரிச்சர்ட்ஸும் ஆம்ப்ரோஸும் பிறந்த ஊர். 2004 ஏப்ரலில் பிரையன் லாரா ஆட்டமிழக்காமல் 400 ரன் அடித்தது இதன் தலைநகர் செயின்ட் ஜான்ஸில்தான். கரீபியன் கடலில் இரண்டு தீவுகள். பரப்பளவு சுமார் 440 சதுர கி.மீ., கிட்டத்தட்ட சென்னை மாநகராட்சி அளவு. மக்கள்தொகை ஒரு லட்சத்தை ஒட்டி.

லாரா 400 அடித்த அதே ஆண்டு நவம்பரில், ஜெனீவாவில் இந்த நாடு அமெரிக்காவுக்கு எதிராக ஒரு தீர்ப்பு வாங்கியது.

என்ன பிரச்னை?

ஆன்டிகுவாவின் பிழைப்பு சுற்றுலா. புயல் அடித்தால் வருமானம் போய்விடும். 1995ல் லூயிஸ் புயல் அப்படித்தான் புரட்டிப் போட்டது. வேறு ஏதாவது தொழில் வேண்டும் என்று தேடிய அரசு, 90களின் நடுவில் ஆன்லைன் சூதாட்ட நிறுவனங்களுக்கு லைசென்ஸ் கொடுக்கத் தொடங்கியது. சர்வர் ஆன்டிகுவாவில், பந்தயம் கட்டுபவர் பெரும்பாலும் அமெரிக்காவில். போனில், பிறகு இன்டர்நெட்டில் பந்தயம் நடந்தது. ஆன்டிகுவா சொன்ன கணக்குப்படி, 1999ல் 119 நிறுவனங்கள் இருந்தன, சுமார் 3,000 பேருக்கு வேலை இருந்தது. அத்தனை சின்ன நாட்டில் 3,000 வேலை என்பது சாதாரண விஷயம் இல்லை.

அமெரிக்கா இதைச் சும்மா விடவில்லை. தொலைபேசி வழியாக மாநில எல்லை தாண்டிப் பந்தயம் வாங்குவதைத் தடுக்க 1961ல் போட்ட ‘வயர் ஆக்ட்’ சட்டத்தைக் கையில் எடுத்தது. ஆன்டிகுவாவில் லைசென்ஸ் வாங்கித் தொழில் நடத்திய அமெரிக்கர் ஒருவரை 2000ல் நியூயார்க் நீதிமன்றம் குற்றவாளி என்றது, அவர் சிறைக்கும் போனார். நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டின. 2003ல் மிஞ்சியது 28 நிறுவனங்கள், 500க்கும் குறைவான வேலைகள்.

அந்த ஆண்டு மார்ச்சில் ஆன்டிகுவா டபிள்யூ.டி.ஓ. படியேறியது. வழக்கு எண் 285.

ஒரு வார்த்தையில் மாட்டிய அமெரிக்கா

‘சூதாட்டத்தை ஒரு நாடு தடை செய்தால் அது வர்த்தகப் பிரச்னையா?’ என்று தோன்றலாம். சாதாரணமாக இல்லை. ஆனால் 1994ல் டபிள்யூ.டி.ஓ. உருவாகும் நேரத்தில், எந்தெந்தச் சேவைத் துறைகளை வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் திறந்துவிடுகிறோம் என்று ஒவ்வொரு நாடும் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தது. அமெரிக்கா தன் பட்டியலில் ‘விளையாட்டு நீங்கலான பிற பொழுதுபோக்குச் சேவைகள்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தது. அதற்கு எந்த நிபந்தனையும் போடவில்லை.

ஆன்டிகுவா பிடித்தது இந்த ஒரு வரியைத்தான். பட்டியல் எழுதுவதற்கு எல்லா நாடுகளும் வைத்துக்கொண்ட பொது வகைப்பாடு, ஐ.நா.வின் சேவைப் பட்டியலை அடியொற்றியது. அதில் விளையாட்டுக்குத் தனி எண். சூதாட்டமும் பந்தயமும் ‘பிற பொழுதுபோக்கு’ எண்ணுக்குக் கீழே வருகின்றன. அப்படியென்றால் அமெரிக்கா சூதாட்டத்தையும் திறந்துவிட்டதாகத்தானே அர்த்தம்?

‘அந்த நோக்கம் எங்களுக்கு இல்லவே இல்லை, விளையாட்டு என்ற சொல்லிலேயே சூதாட்டமும் அடங்கும்’ என்றது அமெரிக்கா. விசாரணைக் குழு ஏற்கவில்லை. மேல்முறையீட்டு அமைப்பும் 2005 ஏப்ரலில் ஏற்கவில்லை. மனதில் என்ன நினைத்தீர்கள் என்பது முக்கியமில்லை, காகிதத்தில் என்ன எழுதினீர்கள் என்பதுதான் கணக்கு.

இன்னொரு வாதமும் சுவாரஸ்யமானது. திறந்துவிட்ட துறையில் நிறுவனங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்கக் கூடாது என்பது விதி. ‘நாங்கள் எண்ணிக்கை எதுவும் வைக்கவில்லையே, மொத்தமாகத் தடைதானே செய்தோம்’ என்றது அமெரிக்கா. மொத்தத் தடை என்றால் உச்சவரம்பு பூஜ்ஜியம் என்று பொருள், பூஜ்ஜியமும் ஓர் எண்தான் என்று தீர்ப்பானது.

அமெரிக்காவின் கடைசி ஆயுதம் ‘பொது ஒழுக்கம்’. மக்களின் ஒழுக்கத்தைக் காக்கத் தேவையென்றால் ஒரு நாடு விதிகளை மீறலாம் என்று ஒப்பந்தமே சொல்கிறது. இது வெற்றுச் சாக்கு என்று ஒதுக்க முடியாது. ஆன்லைன் ரம்மியில் பணத்தையும் உயிரையும் தொலைத்தவர்களைப் பார்த்து, தனிச் சட்டமே கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. மேல்முறையீட்டு அமைப்பும் அமெரிக்கச் சட்டங்கள் ஒழுக்கத்தைக் காக்கத் தேவையானவையே என்று ஒப்புக்கொண்டது.

ஆனால் ஒரு குதிரை குறுக்கே வந்தது. குதிரைப் பந்தயத்துக்கு அமெரிக்காவில் 1978லேயே தனிச் சட்டம் உண்டு. 2000ல் அதைத் திருத்தி, மாநிலம் விட்டு மாநிலம் போனிலும் மின்னணு வழியிலும் பந்தயம் கட்டலாம் என்று எழுதினார்கள். உள்ளூர்க் கம்பெனி ஆன்லைனில் குதிரை மேல் பணம் வாங்கினால் ஒழுக்கம் கெடாது, ஆன்டிகுவா கம்பெனி வாங்கினால் கெட்டுவிடுமா? இந்தப் பாகுபாட்டுக்கு அமெரிக்காவிடம் பதில் இல்லை. அந்த ஒரு இடத்தில் கேஸ் ஆன்டிகுவா பக்கம் சாய்ந்தது.

தீர்ப்பை மதித்ததா அமெரிக்கா?

சட்டத்தைச் சரிசெய்ய 2006 ஏப்ரல் வரை கெடு. அமெரிக்கா ஒரு வரியைக்கூட மாற்றாமல், ‘நாங்கள் விதிப்படிதான் இருக்கிறோம்’ என்றது. அதே ஆண்டு அக்டோபரில், ஆன்லைன் சூதாட்டத்துக்கு வங்கிகள் வழியாகப் பணம் போவதைத் தடுக்கப் புதிய சட்டமும் போட்டது. குதிரைப் பந்தயச் சட்டத்தை மட்டும் தொடவில்லை. 2007 மார்ச்சில் இன்னொரு குழு, அமெரிக்கா தீர்ப்பை நிறைவேற்றவில்லை என்று சொன்னது.

இரண்டு மாதம் கழித்து அமெரிக்கா செய்த வேலைதான் பலரும் எதிர்பார்க்காதது. 1994 பட்டியலில் இருந்து சூதாட்டத்தையே எடுத்துவிடுவதாக அறிவித்தது. விதிகளில் இதற்கும் வழி உண்டு, ஆனால் பாதிக்கப்படும் நாடுகளுக்கு ஈடு தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், கனடாவோடு பேரம் முடிந்தது. வேறு சில துறைகளில் அவர்களுக்குச் சலுகை கிடைத்தது. கேஸ் போட்ட ஆன்டிகுவாவோடு மட்டும் பேச்சு முடியவில்லை.

பதிலடி கொடுக்க முடியாத நாடு

டபிள்யூ.டி.ஓ.வுக்குப் போலீஸ் கிடையாது. தோற்ற நாடு அடம்பிடித்தால், ஜெயித்த நாடு அதன் பொருட்களுக்கு வரியை ஏற்றிப் பதிலடி கொடுக்கலாம், அவ்வளவுதான். ஆன்டிகுவா யார் மேல் வரி போடும்? அதன் இறக்குமதியில் ஏறத்தாழ பாதி அமெரிக்காவிலிருந்துதான் வருகிறது. அதற்கு வரி போட்டால் செயின்ட் ஜான்ஸ் கடைகளில் விலை ஏறும். வாஷிங்டனில் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

அதனால் ஆன்டிகுவா வேறொன்று கேட்டது. ‘அமெரிக்காவின் காப்புரிமையை மதிக்காமல் இருக்க எங்களுக்கு அனுமதி கொடுங்கள்.’ அதாவது ஹாலிவுட் படம், பாட்டு, சாஃப்ட்வேர் ஆகியவற்றை உரிமையாளருக்குக் காசு கொடுக்காமல் விற்கலாம், சட்டப்படி.

நஷ்டம் ஆண்டுக்கு 344.3 கோடி டாலர் என்றது ஆன்டிகுவா. அமெரிக்கா சொன்னது 5 லட்சம் டாலர். 2007 டிசம்பரில் நடுவர் குழு நிர்ணயித்தது 2.1 கோடி டாலர். எப்படி இவ்வளவு குறைந்தது? அமெரிக்கா தீர்ப்பை மதித்திருந்தால் குதிரைப் பந்தயத்தை மட்டும் திறந்திருக்கும், முழுச் சூதாட்டத்தையும் அல்ல என்று குழு வைத்துக்கொண்டது. மூவரில் ஒருவர் இந்த அனுமானத்தை ஏற்கவில்லை. ஆனாலும் காப்புரிமை வழியில் பதிலடி கொடுக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டார்கள்.

2013 ஜனவரி 28 அன்று அனுமதி முறைப்படி கையில் வந்தது. அமெரிக்கப் படைப்புகளை விற்க அரசே ஒரு தளம் தொடங்கப் போகிறது என்று உலகம் முழுக்கச் செய்தி. அரசே நடத்தும் திருட்டு என்கிற தொனியில் அமெரிக்கா சாடியது, பேச்சுவார்த்தையும் முதலீடும் கெட்டுவிடும் என்று எச்சரித்தது.

அந்தத் தளம் திறக்கப்படவில்லை. சுற்றுலாப் பயணி, முதலீடு, வங்கித் தொடர்பு எல்லாவற்றுக்கும் அமெரிக்காவை நம்பியிருக்கும் நாடு, ஆண்டுக்கு 2.1 கோடி டாலருக்காக எவ்வளவு பகையைத் தாங்கும்? இதைக் கோழைத்தனம் என்று சொல்வது எளிது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் வேறு விடை வருவது கஷ்டம்.

பிரேசிலுக்கு மட்டும் எப்படி வேலை செய்தது?

பருத்தி மானியத்துக்காக அமெரிக்கா மீது 2002ல் கேஸ் போட்ட பிரேசிலும் ஜெயித்தது. அமெரிக்கா இழுத்தடித்தது. 2010ல், எந்தெந்த அமெரிக்கப் பொருட்களுக்கு வரி ஏற்றப்போகிறோம் என்று பிரேசில் பட்டியலையே வெளியிட்டது, காப்புரிமையிலும் கை வைப்போம் என்றது. கொஞ்ச நாளில் அமெரிக்கா இறங்கி வந்தது. ஆண்டுக்கு 14.73 கோடி டாலர் பிரேசிலின் பருத்தித் துறைக்குத் தர ஒப்புக்கொண்டது. 2014ல் மேலும் 30 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. தன் விவசாயிகளுக்கான மானியத்தைத் தொடர்வதற்காக, அடுத்த நாட்டு விவசாயிகளுக்கும் அமெரிக்கா பணம் கொடுத்த விசித்திரம் அது.

சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். பிரேசில் சந்தையை இழக்க அமெரிக்கக் கம்பெனிகள் தயாராக இல்லை, ஆன்டிகுவா சந்தையை இழப்பதில் யாருக்கும் கவலையில்லை.

இன்று கேஸ் போட்டால்?

இப்போது நிலைமை இன்னும் மோசம். மேல்முறையீட்டு அமைப்புக்குப் புதிய உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா தொடர்ந்து முட்டுக்கட்டை போட்டதால், 2019 டிசம்பரில் இருந்து அந்த அமைப்பு இயங்கவில்லை. தோற்ற நாடு ‘அப்பீல் போகிறேன்’ என்று சொன்னால் போதும், விசாரிக்க ஆளில்லாததால் தீர்ப்பு அந்தரத்தில் நின்றுவிடும். இதில் இந்தியாவும் சுத்தம் என்று சொல்ல முடியாது. கரும்பு, சர்க்கரை மானிய வழக்கில் பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலாவிடம் தோற்றபோது, 2021 டிசம்பரில் நம் அரசும் இப்படித்தான் அப்பீல் போட்டது. அது அப்படியே நிற்கிறது.

ஆன்டிகுவா விஷயத்தில் ஒரு பின்கதை உண்டு. 2018 மே மாதம், விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்கள் அனுமதிக்கக் கூடாது என்ற மத்தியச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இன்று நியூயார்க் உட்படப் பல மாநிலங்களில் மொபைல் ஆப்பில் கிரிக்கெட் முதல் பேஸ்பால் வரை பந்தயம் கட்டலாம். டிவியில் மேட்ச் நடுவே விளம்பரமும் வருகிறது. அந்த வருமானம் அமெரிக்கக் கம்பெனிகளுக்கும் மாநிலக் கஜானாவுக்கும் போகிறது. வெளிநாட்டிலிருந்து போனிலோ இன்டர்நெட்டிலோ பந்தயம் வாங்குவதைத் தடுக்கும் அதே 1961 சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது.