தளபதிப் பதவிக்காகப் பகை! மலை உச்சியில் முடிவு!

வெண்ணந்தூர் தறிக்காரர்களுக்குச் சேலம் பக்கத்து ஊர். அந்தச் சேலத்தில் 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய படக் கம்பெனி மாடர்ன் தியேட்டர்ஸ். அது தயாரித்து, 1950-ல் வெளிவந்த படம் "மந்திரி குமாரி". வசனம் எழுதியவர் மு.கருணாநிதி. சுந்தரமும், அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கனும் டைரக்ட் செய்தார்கள்.

அதில் ஒரு வில்லன். அவன் பெயர் பார்த்திபன்.

பதவி போயிற்று

பார்த்திபன், முல்லை நாட்டு ராஜகுருவின் மகன். தளபதிப் பதவி தன் மகனுக்கே என்று ராஜகுரு எண்ணியிருந்தார். மன்னரோ, வீரமோகன் என்ற வாலிபனைத் தளபதி ஆக்கிவிட்டார்!

பார்த்திபனுக்கு ஆத்திரம் பொங்கியது. கொள்ளைக்காரன் ஆனான். ஊர்களைச் சூறையாடினான்.

இன்னொரு பகையும் சேர்ந்தது. இளவரசி ஜீவரேகா மீது அவனுக்கு ஆசை. அவள் மனமோ வீரமோகனிடம் இருந்தது. இளவரசிக்கு அவன் அனுப்பிய கடிதம், கை தவறி மந்திரியின் மகள் அமுதவல்லியிடம் போய்ச் சேர்ந்தது. அவள் அவனை நம்பிக் காதலித்தாள். அவனுக்கே மனைவி ஆனாள்.

வீரமோகனாக எம்.ஜி.ஆர்., பார்த்திபனாக எஸ்.ஏ.நடராஜன், அமுதவல்லியாக மாதுரிதேவி, ராஜகுருவாக எம்.என்.நம்பியார் நடித்தார்கள்.

அம்மன் குரல்

கொள்ளையனை வீரமோகன் பிடித்துவிட்டான். ஆனால் அமுதவல்லி, அம்மன் சிலைக்குப் பின்னால் ஒளிந்து நின்று, "குற்றமற்றவன்" என்று தெய்வம் சொல்வதுபோல் குரல் கொடுத்தாள். பார்த்திபன் தப்பினான்!

காப்பாற்றியவளுக்கு அவன் கொடுத்த பரிசு என்ன? மலை உச்சிக்கு அழைத்துப் போய், தள்ளிக் கொல்லத் துணிந்தான்!

அமுதவல்லி கதறவில்லை. "சாகும் முன் உங்களை மூன்று முறை வலம் வந்து கும்பிடவேண்டும்" என்று கேட்டாள். அவன் சம்மதித்தான். சுற்றி வந்தவள், பின்னால் நின்று அவனைத் தள்ளிவிட்டாள். பார்த்திபன் பள்ளத்தில் விழுந்து மாண்டான்.

பழைய கதை

இந்த மலைக் காட்சி புதிது அல்ல. ஐம்பெருங் காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதை இது. அந்தக் காப்பியத்தில் சில பாடல்களே இன்று மிஞ்சியுள்ளன. அதிலும் ஒரு பெண், மரண தண்டனை பெற்ற திருடனை மீட்டு மணக்கிறாள். அவன் அவளையே கொல்லப் பார்க்கிறான். முடிவும் இதேதான். பிறகு அவள் புத்த பிக்குணி ஆகிறாள்.

பார்த்திபனை வீழ்த்தியது தளபதியின் வாள் அல்ல. அடுத்தவன் பெற்ற பதவியைப் பார்த்து வயிறு எரிந்தவன், தன்னை நம்பியவளையே கொல்லத் துணிந்தான். அவள் கையாலேயே அழிந்தான்!