சித்திர சபை

குற்றாலம் வருவோரிற் பலர் அருவியில் ஆடிவிட்டு, ஈரத் தலையோடு தென்காசிக்கு வண்டியேறிவிடுகின்றனர். சிறிது தூரம் நடந்தால் கூத்தப்பிரானின் ஆடலரங்கு ஒன்றைக் காணலாம் என்பதை அவர்கள் அறியார்.

நடராசப் பெருமானுக்கு அம்பலங்கள் ஐந்து. தில்லையிலே பொன், மதுரையிலே வெள்ளி, நெல்லையிலே செம்பு, திருவாலங்காட்டிலே இரத்தினம், குற்றாலத்திலே சித்திரம். இங்கே இறைவன் சுவரோவியமாகவே நின்று ஆடுகிறான். குற்றாலநாதர் கோயிலைவிட்டுச் சற்றுத் தள்ளி, தெப்பக்குளத்தருகே தனியே அமைந்தது இச்சபை. வெயிலிலிருந்து உள்ளே புகுந்த எனக்கு முதலில் ஒன்றும் புலப்படவில்லை. கண் பழகப் பழகத்தான் தூக்கிய திருவடி தெரிந்தது. பிறகு சுற்றுச் சுவர்களில் புராணக் காட்சிகள் ஒவ்வொன்றாய் எழுந்தன.

செப்புத் திருமேனிக்குத் திருமுழுக்காட்டலாம். ஓவியத்துக்கோ நீரே பகை. ஊருக்கு வாழ்வு தரும் சாரல்தான் இச்சுவருக்கு நோய் தருவது. சுவரில் ஊறும் ஈரம் காயும்போது உள்ளிருக்கும் உப்பை வெளியே தள்ளும்; உப்புப் பூத்த இடத்தில் வண்ணம் பொரிந்து உதிரும். விளக்குப் புகையும் மெல்லப் படியும். மங்கியதன்மேல் புதுவண்ணம் பூசுவது எளிது. ஆனால் பழைய ஓவியனின் கோடு அதனடியில் மறைந்துபோகும். பளபளக்கும் புதுமையினும் மங்கிய பழமையே மேல் என்பது என் கருத்து.

மார்கழித் திருவாதிரையில் இங்கே தாண்டவ தீபாராதனை நடைபெறும். ஓவியங்களை நின்று பார்க்க விரும்புவோர் கூட்டமில்லாத வேறொரு நாளில் வரலாம். அருவிக்குப் போகுமுன், உலர்ந்த ஆடையோடு வாருங்கள். சுவரில் மட்டும் சாய்ந்துவிடாதீர்கள்.